முதல் துண்டுக்கு வைத்த பொட்டு

1

காலை பதினொன்றே முக்காலுக்குப் புனிதவதி என் வீட்டு வாசலில் நின்றாள். வேலை நாள். அந்த நேரத்தில் அவள் ரவாங்கில், தொழிற்சாலையில், நீலத் தொப்பிக்குள் கொண்டையை ஒளித்துக்கொண்டு மெஷின் முன்னால் இருக்க வேண்டும்.

புனிதவதி என் தம்பியின் மனைவி. என்னை அண்ணி என்பாள். புக்கிட் பெலிம்பிங்கில் என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெருக்கள்தான். ஆனாலும் போன் செய்யாமல் வந்தவள் இல்லை.

"அண்ணி, எனக்கு ஒரு கதை வேணும்" என்றாள்.

"படிக்கவா?"

"எழுத. நீங்க எழுதணும்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எதைப் பத்தி?"

"ஆயுத வியாபாரத்தப் பத்தி."

நான் சிரித்தேன். அவளும் சிரிக்கட்டும் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கு அதைப் பத்தி என்னம்மா தெரியும்?"

"எனக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா நான் அதுலதான் வேல செய்யறேன் போலருக்கு. போன வாரந்தான் தெரிஞ்சிச்சு."

"தம்பிக்குத் தெரியுமா?"

"அதுக்குத்தானே கதை."

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். எனக்குத் தோன்றி எழுதவில்லை. கேட்டார்கள், எழுதுகிறேன். வீட்டில் யாராவது ஊறுகாய் கேட்டால் போட்டுக் கொடுப்பதுபோல. [ஊறுகாய் வேண்டாம். அச்சுக்கு முன் எடுத்துவிட வேண்டும்.]

"நீயே சொல்லிடலாமே" என்றேன்.

"நான் சொன்னா வாதம் பண்ணுவாரு. இல்லாட்டி அதவிட மோசமா, பேசாம இருப்பாரு. ஒங்க கதையில வந்தா முழுசா படிப்பாரு. பாதியில எந்திரிக்க மாட்டாரு."

என் தம்பியைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. ஞாயிறு பத்திரிகையில் என் கதை வந்தால் அப்பளசாமி கடையில் உட்கார்ந்து, தே தாரிக் தேநீரை ஆறவிட்டு, கடைசி வரிவரை வாய்விட்டுப் படிப்பான். மனத்துக்குள் படிக்க அவனுக்கு வராது. முடித்ததும் எனக்குப் போன் வரும்.

"அக்கா, கதை நல்லாருக்கு. ஆனா ரோடு தப்பு. பெஸ்தாரி ஜெயாவுல நீ சொன்ன எடத்துல லெப்ட் எடுத்தா ஆத்துலதான் போய் விழுவாங்க."

வாசகரே, இந்தக் கதை அந்த ஒருவனுக்காக எழுதப்படுகிறது. நீங்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கேட்கிறீர்கள். கேளுங்கள். தடையில்லை.*

* பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் தம்பியின் பெயர் சுகுமாறன் அல்ல. "அடுத்த தடவ என்னைய கதையில போட்டா சுகுமாறன்னு போடு, கம்பீரமா இருக்கும்" என்று அவனே சொல்லிவைத்திருந்தான்.

2

சுகுமாறன் லோரி ஓட்டுகிறான். தோட்டங்களில் வெட்டிய செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகிறான். ஆலை வாசலில் லோரிகள் வரிசையில் நிற்கும். வரிசை நகரும்வரை போனில் உலகத்தைப் பார்ப்பான். அவனுடைய உலக அறிவு முழுவதும் அந்த வரிசையில் கிடைத்தது.

"உலகத்துலயே பெரிய வியாபாரம் ஆயுதந்தான்லா. எண்ணெயெல்லாம் பொறவு."

"ராணுவத்துக்கு ஒதுக்கற காசு பூரா குண்டு வாங்கத்தான் போகுது."

"எல்லாமே திருட்டுக் கப்பல் அக்கா. நடுக்கடல்ல கைமாறும். எந்த கவர்மெண்டுக்கும் தெரியாது."

இப்படி நிறைய. நான் மறுத்ததில்லை. அவன் பேசும்போது கைகள் ஸ்டீயரிங்கைத் திருப்புவதுபோல அசையும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் போர் தொடங்கியபின் அவன் பேச்சு குறைந்தது. [எந்தப் போர் என்று எழுதவில்லை. நீங்கள் நினைப்பதுதான். நீங்கள் இதைப் படிக்கும் நாளில் வேறொன்று நடந்தால் அதுவும்தான்.] போனில் பிள்ளைகளின் படங்கள் வந்தன. இடிந்த கட்டடங்களிலிருந்து யாரோ தூக்கி வரும் பிள்ளைகள். ஒரு நாள் ஆலை வரிசை நகர்ந்தும் அவன் லோரி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒருவன் இறங்கி வந்து கதவைத் தட்டினான். சுகுமாறன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

அதன் பிறகு அவன் வீட்டில் பொரித்த கோழி நின்றது. அதை விற்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் கடையில் கொடுக்கும் காசு போருக்குப் போகிறது என்று யாரோ அனுப்பியிருந்தார்கள். உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. "சந்தேகம்னா வேணாம். கோழிதானே" என்றான். புஞ்சாக் ஆலாமில் படிக்கும் மகள் லோகேஸ்வரி, வார இறுதியில் வரும்போது வழியிலேயே தின்றுவிட்டு, சட்டையை மோந்து பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைவாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கதைக்கு அது முக்கியம்.

வானத்தில் விமானம் போனால் சுகுமாறன் நிமிர்ந்து பார்ப்பான். யாரிடம் பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்துவான். விரலை நீட்டுவான்.

"அதுல என் பொண்டாட்டி கை இருக்கு."

திருவிழாவில் சொல்வான். ஒரு சாவு வீட்டிலும் சொல்லியிருக்கிறான். புனிதவதி வேலை பார்ப்பது விமானங்களுக்குச் சிறு உலோகப் பாகங்கள் கடையும் இடத்தில். உள்ளங்கையில் அடங்கும் அலுமினியத் தாங்கி. மூன்று துளைகள். விமானத்துக்குள் ஏதோ ஒன்றை ஏதோ ஒன்றோடு பிடித்துவைக்கும். அதற்குமேல் அவளுக்குத் தெரியாது. சுகுமாறனுக்கு அதுவே போதும். அந்த மூன்று துளைகள் இல்லாவிட்டால் விமானம் கீழே விழும் என்று நம்புகிறான்.

3

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

போர்ட் கிள்ளானில் மழை. கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒருவன் கப்பலை விட்டு இறங்கினான். அவன் கையிலிருந்த பெட்டிக்குள்—

நிறுத்தினேன். மழையில் எதற்குக் கறுப்புக் கண்ணாடி?

இரண்டாவது:

மரணத்தை விற்பவர்களுக்கு முகமில்லை. அவர்கள்—

இதையும் நிறுத்தினேன். முகமில்லாதவர்களைப் பற்றி எழுதுவது சுலபம். நான் எழுத வேண்டியிருந்தது, தீபாவளிக்கு எனக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்புகிற ஒருத்தியைப் பற்றி.

தம்பியைப் பார்த்து இத்தனை நாள் உள்ளுக்குள் சிரித்தேன். என் தலையிலும் அதே திருட்டுக் கப்பல்தான் நின்றிருக்கிறது. அவன் ஆலை வரிசையில் கற்றான். நான் நூலகத்தில் கற்றேன். கப்பல் ஒன்றுதான்.

ஒரு வாரம் படித்தேன். படித்ததை அவ்வப்போது போனில் அவனிடம் சோதித்தேன். எதற்கென்று சொல்லவில்லை.

"தம்பி, உலக நாடுங்க ராணுவத்துக்குச் செலவு பண்ற காசுல, வெளிநாட்டுலேர்ந்து ஆயுதம் வாங்க எவ்வளவு போகும்?"

"முக்காவாசி."

"பத்துல ஒண்ணுகூட இல்லடா."

"அப்ப மீதி?"

"சம்பளம். சாப்பாடு. காலுக்குச் சப்பாத்து. எண்ணெய். வண்டி ரிப்பேர். அப்புறம் அவங்கவங்க ஊர்லயே செஞ்சு வாங்கிக்கற ஆயுதம்."

"சப்பாத்தா?" என்றான். ஏமாற்றம் குரலில் தெரிந்தது.

மறுநாள்:

"உலகத்துலயே பெரிய நூறு ஆயுதக் கம்பெனி. ஒரு வருசத்துல அவங்க விக்கிற ஆயுதத்தையெல்லாம் கூட்டுனா, ஒரே ஒரு பெரிய மளிகைக் கம்பெனியோட விற்பனைக்குத்தான் கிட்டத்தட்ட வருது."

"மளிகையா?"

"அரிசி, சோப்பு, பிள்ளைங்களுக்குப் பம்பர்ஸ்."



"அக்கா, நீ எந்தப் பக்கம்?"

பக்கம் எதுவும் இல்லை. சரியாகத் தெரிந்துகொள்ள நினைத்தேன். திருட்டுக் கப்பல் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பகுதி பட்டப்பகலில் நடக்கிறது. ஓர் அரசு அனுமதி கொடுக்கிறது. இன்னோர் அரசு வாங்குகிறது. கைகுலுக்கும்போது படம் எடுத்துப் பத்திரிகைக்குத் தருகிறார்கள். கண்காட்சி வைக்கிறார்கள். லங்காவியில் வைத்தபோது நாங்களும் போனோம். ஒரு போர் விமானத்தின் முன்னால் சுகுமாறன், புனிதவதி, அவன் தோளில் சின்னப் பிள்ளையாக லோகேஸ்வரி. மூவரும் சிரிக்கிறார்கள். அந்தப் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இன்றும் தொங்குகிறது. எடுத்தவள் நான்.

ஆயுதம் ஒரே ஊரில் பிறப்பதும் இல்லை. இறக்கை ஒரு நாட்டில், இருக்கை ஒரு நாட்டில், ஆணி இன்னொரு நாட்டில். ஒவ்வோர் ஊரிலும் யாரோ ஒருத்தி விடியலில் தொழிற்சாலை பஸ் ஏறுகிறாள்.

தம்பியின் தவறுகளைத் திருத்தி முடித்தேன். திருத்தினால் ஆறுதல் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கறுப்புக் கண்ணாடிக்காரன் இருந்திருந்தால் அவனைத் திட்டிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். தேடித் தேடி வந்து சேர்ந்த இடத்தில் நீலத் தொப்பி போட்ட ஒருத்தி இருந்தாள்.

4

இனி நடந்தது.

எங்கள் வீட்டில் எதிலும் முதலாவதற்குப் பொட்டு வைப்போம். தோட்டத்தில், புதுக் காட்டில் வெட்டிய முதல் குலைக்கு வைத்தோம். முதல் சம்பளக் கவருக்கு வைத்தோம். சுகுமாறன் லோரி வாங்கியபோது அதன் முன்கண்ணாடிக்கு மேலே, நெற்றி மாதிரி இருக்கும் இடத்தில் வைத்தான். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து நசுக்கி, தெருவுக்கே கேட்கும்படி, "ஏறுனவன் பத்திரமா எறங்கணும், முனியாண்டி" என்றான். அப்பா தன் சைக்கிளுக்குச் சொன்னதும் அதுதான். வண்டி என்று எது வந்தாலும் எங்கள் வீட்டில் சொல்வதற்கு வேறு வாக்கியம் கிடையாது. புனிதவதி கல்யாணமாகி வந்து அதைக் கற்றுக்கொண்டாள்.

தொழிற்சாலையிலும் வைத்தாள். மெஷினில் புது வேலை ஏற்றும் ஒவ்வொரு முறையும், வெளியே வரும் முதல் துண்டுக்கு ஒரு துளி குங்குமம். கோயில் பொட்டலம் கைப்பையில் இருக்கும். யாருக்கும் கெடுதல் இல்லை. முதல் துண்டு எப்போதும் அளவு பிசகித்தான் வரும். பொட்டோடு கழிவுத் தொட்டிக்குப் போகும்.

சில மாதங்களுக்கு முன் புது லைன் வந்தது. புது மெஷின், புது வாடிக்கையாளர். முதலாளி எல்லாருக்கும் நாசி லெமாக் சோறு வாங்கிக் கொடுத்தார். மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் துஆ ஓதினார். புனிதவதி மெஷின் கதவைத் திறந்து முதல் துண்டை எடுத்தாள். பொட்டு வைத்தாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள். துணியால் துடைத்தாள். தட்டில் வைத்தாள்.

[அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. கதைக்குத் தேவைப்படும் என்று தோன்றவில்லை.]

புது லைனில் முதல் துண்டு கழிவுக்குப் போவதில்லை. அதுதான் மாதிரி. ஒவ்வொரு மூலையாக அளந்து, கடல் கடந்து வாடிக்கையாளருக்கு அனுப்புவார்கள். அவர்கள் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மற்ற துண்டுகள்.

அவர்கள் பார்த்தார்கள்.

5

பவனேஷ் அந்த லைனின் சூப்பர்வைசர். புனிதவதியைவிட வயதில் சிறியவன். அக்கா என்பதை 'கா' என்று சுருக்கிவிடுவான். அவன் அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டு, வாடிக்கையாளர் அனுப்பிய ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினான். பெரிதாக்கிய படம். சாம்பல் நிறச் சுவரில் ஒரு குகை. குகைக்குள் சிவப்பாக ஒரு மலை.

பின்வருவது புனிதவதி என் கூடத்தில் இரண்டு குரலிலும் நடித்துக் காட்டியது.

"கா, இது என்னானு தெரியுதா?"

"துரு."

"அலுமினியம் கா. துரு பிடிக்காது."

"அப்ப பெயிண்ட்டு."

"கா. நானும் தைப்பூசத்துக்குப் போறவன்தான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எந்தக் கோயிலு?"

"முனியாண்டி."

"முனியாண்டி கடல் தாண்டிப் போயிட்டாரு கா. பாஸ்போர்ட் இல்லாம. மூணாவது ஓட்டைக்குள்ள ஒக்காந்து போயிருக்காரு."

"வேல போயிடுமா தம்பி?"

"இருங்க கா. மொதல்ல அவங்க கேக்கறதுக்குப் பதில் சொல்லணும். இதுல என்னா கெமிக்கல் இருக்குன்னு கேக்கறாங்க."

"மஞ்சளும் சுண்ணாம்பும்."

"நெசமாவா? அவ்ளோதானா?"

"வீட்டுல செஞ்சா. இது கடை பாக்கெட். என்னா சாயத்தப் போட்டானோ."

பவனேஷ் தலையில் கை வைத்துச் சிரித்திருக்கிறான். அவளும் சிரித்திருக்கிறாள். சிரித்த வாயோடு அவன் சொன்னான்:

"பழைய கஸ்டமருன்னா மன்னிச்சு விட்டுருவாங்க கா. அது பாசெஞ்சர் பிளேன். இவங்க விட மாட்டாங்க. போர் விமானம்ல."

இந்த இடத்தில் புனிதவதி நடிப்பதை நிறுத்தினாள். அடுத்த வரியைச் சாதாரணமாகச் சொன்னாள்.

"ஒங்களுக்குத் தெரியாதா கான்னு கேட்டான், அண்ணி. மொகம் மாறிப் போச்சு அவனுக்கு. பாவம், சின்னப் பையன்."

வேலை போகவில்லை. பவனேஷ் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினான்: பணியாளரின் வழிபாட்டு வழக்கம், இனி நடக்காது. ஏற்றுக்கொண்டார்கள். லைன் வாசலில், உணவு கூடாது, நகை கூடாது என்ற படங்களுக்குக் கீழே மூன்றாவதாக ஒரு படம் வந்திருக்கிறது. ஒரு சிவப்புப் புள்ளி, அதன்மேல் குறுக்குக் கோடு. புதிதாகச் சேரும் வங்காளதேசப் பையன்கள் அது என்னவென்று கேட்கிறார்களாம். யாருக்கும் சொல்லத் தெரிவதில்லை.

ஓர் எழுத்தாளருக்கு இது வசதியாக இல்லை. வேலை போயிருந்தால் கதை தானாக நடந்திருக்கும். வேலை இருக்கிறது. சம்பளம் வருகிறது. லோகேஸ்வரி படிக்கிறாள். ஓட்டை மட்டும் ஒன்று விழுந்திருக்கிறது: அடுத்தமுறை விமானம் போகும்போது சுகுமாறன் நிமிர்ந்து பார்ப்பான். பக்கத்தில் நிற்கும் புனிதவதி எங்கே பார்ப்பாள்?

6

ஐந்தாம் பகுதியை எழுதியபின் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. புனிதவதி இவ்வளவு வெள்ளந்தியா? புது லைனைப் பற்றிக் கூட்டம் போட்டு விளக்கியிருப்பார்கள். 'டிஃபென்ஸ்' என்ற சொல் ஒருமுறையாவது காதில் விழுந்திருக்கும். அவள் பள்ளியில் எஸ்பிஎம் பரீட்சை வரை படித்து முடித்தவள்.

பாத்திரத்தைச் சந்தேகித்தால் சாதாரணமாக நான் அதை அடித்துத் திருத்துவேன். இந்தப் பாத்திரம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. நடந்து போய்க் கேட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"உண்மையாவே தெரியாதா உனக்கு?"

ஒரு சட்டையை உதறினாள். கிளிப் மாட்டினாள்.

"கொஞ்சம் தெரியும்" என்றாள்.

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா சொல்லிருவாங்கல்ல, அண்ணி."

இந்தக் கதையில் நான் எழுதாத, எழுத முடியாத வரி இதுதான். ஒரு வாரம் நான் படித்ததில் இது எங்கும் இல்லை. பெரிய நாடுகளுக்கும் சிறிய நாடுகளுக்கும், விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் பொருந்தும் என்று ஒரு பத்தி எழுதினேன். பிறகு—

[பத்தியை எடுத்துவிட்டேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள். அப்படியே இருக்கட்டும்.]

7

முடிவுகள்.

ஒன்று. சுகுமாறன் படித்துவிட்டு, "வேலைய விட்டுரு" என்கிறான். விடுகிறாள். மறுநாள் வேறொருத்தி அந்த மெஷின் முன்னால் நிற்கிறாள். துண்டுகள் வருகின்றன. லோகேஸ்வரி படிப்பை ஒத்திவைக்கிறாள். நேர்மையான முடிவு. எல்லாருமே தோற்கிறார்கள்.

இரண்டு. படித்துவிட்டு, "வேலதானே, விடு" என்கிறான். எதுவும் மாறவில்லை. ஆனால் அதன் பிறகு விமானச் சத்தம் கேட்டால் அவன் தலையை நிமிர்த்துவதில்லை.

மூன்று. கோழியைப் புறக்கணித்ததுபோலத் தன் வீட்டுச் சோற்றையே புறக்கணித்து, அப்பளசாமி கடையில்—

[இல்லை. என் தம்பியைக் கேலிப்பொருளாக்கினால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு வேண்டாம். உலகத்தில் எங்கோ செத்த பிள்ளைகளுக்காக ஒரு மனிதன் கோழியை விட்டான். தகவல் தப்பாக இருக்கலாம். விட்டது தப்பில்லை.]

மூன்றையும் புனிதவதியிடம் படித்துக் காட்டினேன்.  இரண்டாவதற்குக் கையை நீட்டித் தடுத்தாள்.

"அவரு மேல பாக்கறதே இல்லையா?"

"ஆமா."

"அது வேணாம் அண்ணி. அவரு பாக்கணும்."

"உண்மையும் தெரியணும், அதே மாதிரி பாக்கவும் செய்யணும்னா எப்படி?"

"அது தெரிஞ்சா நான் ஒங்ககிட்ட வந்திருப்பேனா?"

சரிதான்.

வாசகரே, இங்கே நீங்கள் நான்காவது முடிவு ஒன்றை எழுதிப் பார்க்கலாம். நான் எழுதிப் பார்த்தேன். ஆறு வரைவு. எல்லாவற்றிலும் சுகுமாறன் அழகாகப் பேசினான். அவன் அப்படிப் பேசுகிறவன் இல்லை.

8

அனுப்பும் நாளுக்கு முந்திய நாள்தான் ஒன்றை உணர்ந்தேன். அவன் வாய்விட்டுப் படிப்பவன். இதையும் அப்பளசாமி கடையில், பத்துப் பேர் நடுவில், தே தாரிக்கை ஆறவிட்டுப் படிப்பான். முதல் பகுதியில் சாடையாக வருவது, ஐந்தாம் பகுதியில் அவன் குரலிலேயே, எல்லார் முன்னாலும், அவனுக்கு முழுசாகத் தெரியவரும். புனிதவதிக்கும் இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எழுதுகிறவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஆகவே அச்சுக்கு முன்பே வரச் சொன்னேன். நீங்கள் இதைப் பத்திரிகையில் படிக்கிறீர்கள் என்றால் அவன் சம்மதித்துவிட்டான் என்று பொருள். அதற்குமேல் அதில் பொருள் தேடாதீர்கள்.

சனிக்கிழமை மதியம் வந்தான். லோரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, ஒரு செம்படாக் பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். புனிதவதி ஏற்கனவே என் கூடத்தில் இருந்தாள். அவளைப் பார்த்ததும் நின்றான்.

"நீ என்ன இங்க? ரெண்டு பேரும் சேர்ந்து என்னைய என்னா பண்ணப் போறீங்க?"

"கதை படிடா" என்றேன்.

உட்கார்ந்தான். படித்தான். வாய்விட்டுத்தான்.

முதல் பகுதியில் ஆயுத வியாபாரம் என்று வந்தபோது புனிதவதியைத் திரும்பிப் பார்த்தான். அவள் பழத்தின் மேலேயே கண்ணாக இருந்தாள். ஊறுகாய் வந்ததும், "அக்கா, ஊறுகா நல்லாருக்கு, எடுக்காத" என்றான். எடுக்கவில்லை. ஆயுத வியாபாரம் என்று வந்தபோது புனிதவதியைத் திரும்பிப் பார்த்தான்.  மேலே படித்தான். தன் பேச்சு வந்த இடங்களில் குரலை உயர்த்தினான். "சப்பாத்தா?" என்பதை இரண்டு தடவை சொல்லிச் சிரித்தான். "கறுப்புக் கண்ணாடிக்காரன் நல்லாத்தானே எறங்குறான், அவன ஏன் விட்டுட்ட?" என்றான். லோகேஸ்வரி சட்டையை மோந்து பார்ப்பதைப் படித்துவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றான்.

லோரியில் பொட்டு வைத்த இடத்தைப் படிக்கும்போது குரல் தணிந்தது. பவனேஷ் படத்தைக் காட்டிய இடத்தில் இன்னும் தணிந்தது. பிறகு சத்தம் இல்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு அதுவும் இல்லை. என் தம்பி மனத்துக்குள் படிப்பதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

புனிதவதி எழுந்து அடுப்படிக்குப் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். மூடினாள். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவன் ஏழாம் பகுதியை முடித்தான். அதுவரைதான் அப்போது எழுதியிருந்தேன். தாள்களை ஒன்றாகத் தட்டிச் சேர்த்தான். கடைசித் தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான்.

[இந்த இடத்தில் ஒரு விமானம் கடந்து போனால் கதை முடிந்துவிடும். போகவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.]

"ரோடு ஒண்ணும் தப்பு இல்ல" என்றான்.

"ரோடே இல்லையேடா இதுல."

"அதான்."

மீண்டும் தாள்களை எடுத்தான். பின்னோக்கிப் புரட்டினான். ஐந்தாம் பகுதியைத் தாண்டி நான்காம் பகுதிக்கு வந்தான். 'ஏறுனவன் பத்திரமா எறங்கணும்' என்ற இடத்தில் அவன் கண் நின்றது. அடைப்புக்குறிக்குள் நான் எழுதி வைத்திருந்த இரண்டு வரியின்மேல் விரலை வைத்தான். விரலை எடுக்காமல், என்னைப் பார்க்காமல், மனைவி பக்கம் திரும்பினான். வாதம் பண்ணுகிற குரல் இல்லை. கோபமும் இல்லை. சாப்பிட்டியா என்று கேட்கிற குரல்.

"புனிதா, அன்னிக்கு அந்தப் பீஸுக்குப் பொட்டு வச்சப்ப, முனியாண்டிகிட்ட என்னா சொல்லி வேண்டிக்கிட்ட?"